மலையில் நின்ற கோலி

கனவு டாக்டரின் தெருவில் சைக்கிள் நுழையக்கூட இடமில்லை. ஊரே அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றது. முந்தின இரவு பல் விழுந்தவர்கள், பறந்தவர்கள், பேனா இல்லாமல் பரீட்சைக்குப் போனவர்கள், ஆடையில்லாமல் ஆபீஸ் போனவர்கள். எல்லாம் கனவில்தான். பேனாவையும் ஆடையையும் தூக்கத்தில் மறந்தவர்கள், புத்தியை மட்டும் விழித்த பிறகு மறந்துவிட்டு வந்திருந்தார்கள்.

அவரை ஜோசியர் என்றால் கோபம் வரும். 'ஆழ்மனச் சின்னங்களின் வல்லுநர்' என்றது பலகை. பாம்பு என்றால் அடக்கிய ஆசை. தண்ணீர் என்றால் அழாத அழுகை. வீடு என்றால் உடம்பு. கூரை ஒழுகினால் தலையில் கோளாறு. இதெல்லாம் யாரும் சொல்வார்கள். ஆனால் இவரிடம் கனவை நீங்கள் சொல்லவே வேண்டாம். கண்ணை மூடுவார், அவரே சொல்வார். காசு வாங்கும்போது மட்டும் கண் திறக்கும். இடது காதில் ஒரு கருவி. ஆழ்மனத்தைக் கேட்டுக் கேட்டு வெளிக்காது மந்தமாகிவிட்டதாம்.

அக்கா அங்கே போய்வந்த அன்று, வானொலியில் செய்தி வாசிக்கும் தம்பி வீடு திரும்பினான். அக்கா ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

"ஆபரேஷன் வேண்டாம்டா. எனக்குள்ள இருக்கிறது கல்லு இல்லையாம். சொல்லாத சொல்லாம்."

"அப்ப ஸ்கேன்ல தெரிஞ்சது என்ன? எழுத்துப்பிழையா?"

"நக்கல் பண்ணாத. நான் அவர் முன்னால வாயே திறக்கல. என் கனவை அப்படியே சொன்னார்."

"என்னன்னு?"

"மலையில துணி எடுக்க ஓடுறேன், கால் நகரலன்னார்."

"உன் கனவுல மலையா வந்துச்சு?"

அக்கா தயங்கினாள். "மழைதான் வந்துச்சு. ஆனா பக்கத்துல மலை இருந்திருக்கும்டா. நான்தான் கவனிக்கல."

அற்புதம் செய்கிறவனுக்கு வேலை குறைவு. நம்புகிறவர்களே கிழிசலைத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ழகரத்துக்கும் லகரத்துக்கும் சம்பளம் வாங்குகிறவன் தம்பி. மறுநாள் விடுப்புப் போட்டான். "எனக்கும் கனவு வருதுக்கா, நானும் வரேன்" என்றான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி இறந்ததிலிருந்து அவன் எதுவும் வேண்டுமென்று கேட்டதில்லை.

காத்திருக்கும் அறையில், பச்சைக் கண்ணாடி போட்ட ஒரு பெண் கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"நேத்தும் இங்கதான் இருந்தாங்க, பாவம்" என்று அக்கா கிசுகிசுத்தாள். "ஆறுதலா பேசினாங்க. இவங்ககிட்டதான் என் கனவைச் சொல்லி அழுதேன்."

பச்சைக் கண்ணாடி அவர்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "வெளிய மலை வர்ற மாதிரி இருக்கு. குடை எடுத்துட்டு வந்தீங்களா?"

தம்பிக்குக் காது இனித்தது.

"உங்களுக்கு என்ன கனவு, தம்பி? போனவங்க யாராச்சும் வர்றாங்களா?"

"மனைவி போயிட்டா."

"அடடா. அவங்க வர்றாங்களா?"

"இல்ல. கோழிதான் வருது."

அக்கா முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"மழையில ஒரு கோழி நிக்குதுங்க. தோள்ல வாள். அவ்வளவுதான்."

பச்சைக் கண்ணாடி உச்சுக்கொட்டினாள். பிள்ளைக்குப் போன் பேச வேண்டும் என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

அக்காவும் தம்பியும் உள்ளே அழைக்கப்பட்டார்கள். "எதுவும் பேசாதீங்க" என்று கனவு டாக்டர் கண்ணை மூடினார். "மலை. பெரிய மலை. அதுல ஒரு..." நெற்றி சுருங்கியது. "ஒரு கோலி நிக்குது."

"கோலியா?"

"கோலிக்குண்டு. சரிவுலயும் உருளாம நிக்குது. அது நீங்கதான்."

"அப்புறம், டாக்டர்?"

"அதோட தோல்ல..." கொஞ்சம் தடுமாறி, துணிந்து இறங்கினார். "ஒரு வால்."

"கோலிக்குத் தோலா? தோல்ல வாலா?"

"ஆழ்மனசுல எதுவும் முளைக்கும். வால்னா விட முடியாத பழசு. உங்க மனைவி."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு செய்தி வாசிக்கும் குரலில், நாக்கை நன்றாக மடித்துச் சொன்னான்: "மழை. கோழி. தோள். வாள்."

அக்காவின் உதடுகள் அசைந்தன. "மழை... மலை..."

"அந்தக் கருவியைக் கழட்டி வைங்க, டாக்டர். அக்கா மனசுல ஒரு கனவை நினைச்சுக்கட்டும். அதைச் சொல்லுங்க பார்ப்போம்."

"கழட்டினா எனக்குக் காது கேக்காதே!"

"கனவைப் பார்க்கத்தானே போறீங்க? கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

டாக்டரின் கை காதைப் பொத்தியது. அக்கா எழுந்தாள். அந்தக் கையை விலக்கி, கருவியைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். முகம் மாறியது. கேட்டதைக் கேட்டபடியே உரக்கச் சொன்னாள்: "அடுத்தது தாடிக்காரர். கனவுல ஒரு கிலவி துரத்துறாங்களாம்."

வெளியே ஒரு தாடி துள்ளி எழுந்தது. "ஐயோ, அது என் கனவு! ஆனா அது கிழவிங்க, கிழவி!"

பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்கள். பச்சைக் கண்ணாடி, போனும் வாயுமாக நின்றாள். கனவு டாக்டர் பின்வாசலுக்குப் பாய்ந்தார். தாடிக்காரர் சட்டையைப் பிடித்துவிட்டார். கூட்டம் கொதித்தது. ஒரே ஒருவர் மட்டும் டாக்டரின் காதருகே குனிந்து, "அதெல்லாம் கிடக்கட்டும் சார். பல் விழுந்தா என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தெருவில் அக்கா கேட்டாள். "அப்ப என் கனவுக்கு என்னடா அர்த்தம்?"

"ஆபரேஷனுக்குப் பை கட்டி வச்ச. ராத்திரி கால் நகர மாட்டேங்குது. இதுக்கு ஒரு டாக்டர் வேணுமா?"

"பயம்தான்" என்றாள். "மயக்க மருந்து குடுத்தா எழுந்திருக்கவே மாட்டேனோன்னு பயம்."

"பயந்துட்டே வா. நான் வெளிய உக்காந்திருக்கேன். நீ வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

அக்கா அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். குறித்த தேதியில் வந்துவிடுவதாகச் சொன்னாள். குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னாள்.

கனவு உங்கள் சொந்தச் சரக்கு. பயமோ ஆசையோ, உள்ளே போட்டது நீங்கள். என்னவென்று உங்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவன் சொல்லித்தான் கேட்பீர்கள் என்றால், காலையில் மெனக்கெட்டு எழுந்தது எதற்கு?