நட சிஸ்டர் உலகத்தைச் சித்தூருக்குக் கூப்பிட்ட கதை

நட சிஸ்டர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சித்தூரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதிர்வீட்டில் வருஷக்கணக்காக இருந்த நானே ஒரே ஒருநாள்தான் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் ஹெட் நர்ஸ். பெயர் என்னவோ ஒன்று இருந்தது, அது சம்பளப் பட்டியலோடு சரி. ஊருக்கு அவர் நட சிஸ்டர். சர்ச்சில்கூட கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றபடி குதிகாலை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் வேகமெடுத்தால் போதகர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார் என்று சபையே அவருக்கு நன்றியோடு இருந்தது.

கணவர் காலமான பிறகு, தூக்கம் வரவில்லையென்று விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தவர், எப்படியோ போட்டி நடைக்குள் போய்விட்டார். போட்டி நடை என்பது ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும்; ஊன்றிய காலில் முட்டி மடங்கக் கூடாது. வெள்ளைப் புடவை, கான்வாஸ் ஷூ, இடுப்பு ஒரு பக்கம் போகும், முழங்கை இன்னொரு பக்கம் போகும், சிஸ்டர் மட்டும் நேராகப் போவார். அவசரமாக பஸ் பிடிக்க வருகிறார் என்று நினைத்து டவுன் பஸ்காரர்கள் வண்டியை நிறுத்துவார்கள்.

"ஏமம்மா, எக்குதாரா லேதா?" என்று, ஏறுவாரா மாட்டாரா என்று தெரியாமல், கண்டக்டர் தெலுங்கில் கத்துவார்.

"நா ஏறல நைனா, நுவ்வு போ! எனக்கு லேட் ஆயிடும்!" என்பார் சிஸ்டர். சொன்னபடியே அடுத்த ஸ்டாப்பில் பஸ்ஸை முந்தியும் விடுவார்.

நான் அப்போது எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். நர்ஸ் பெண்கள் குவைத்துக்கும், கம்ப்யூட்டர் படித்த பையன்கள் அமெரிக்காவுக்கும், மற்றவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் எல்லாரும் என் கடைக்குத்தான் போன் செய்வார்கள். சிஸ்டரின் ஒரே மகன் ஜெயசீலன் நியூஜெர்சியிலிருந்து ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். சிஸ்டர் வீட்டில் போன் கிடையாது. வைத்தால் பக்கத்தில் நின்று பேச வேண்டுமே! என் பூத்திலோ, ஒயர் விட்ட தூரம் வரைக்கும் நடந்தபடி பேசுவார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்குக் கூண்டுப் புலி மாதிரி தெரியும்.

"அம்மா, இங்க வந்துடும்மா. தனியா அங்க என்ன பண்ற?"

"நடந்துக்கினு கீறேன்டா. வெச்சிடட்டா?"

ஒருமுறை பெங்களூரில் மூத்தோர் தடகளப் போட்டிக்குப் போய்வந்தார். முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான போட்டி அது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல், கழுத்தில் தங்கப் பதக்கமும் கையில் பையுமாக நேரே என் கடைக்கு வந்தார்.

"நைனா, பேக்ஸ் ஒண்ணு போடணும்."

"யாருக்கு சிஸ்டர்?"

"உலகத்துக்கு."

விஷயம் இதுதான். இதே போட்டி உலக அளவிலும் நடக்கிறது. எந்த ஊரில் நடத்துவது என்று முடிவு செய்ய ஊர்கள் மனுப் போடுமாம், ஓட்டெடுப்பு நடக்குமாம். ஜெயிக்கிற ஊருக்குத் தேசம் தேசமாக ஆள் வந்து இறங்குமாம். பெங்களூரில் பக்கத்தில் நின்ற ஈட்டி எறிகிற அம்மாள் சொல்லியிருக்கிறார். சிஸ்டருக்கு அதற்கு மேல் பதக்கத்தில் மனசு நிற்கவில்லை.

"சித்தூர், திருப்பதி, ரெண்டும் சேத்து மனு போடலாம். நீ டைப் பண்ணு."

"சிஸ்டர், ரூமெல்லாம் வேணுமே?"

"திருப்பதில இல்லாத ரூமா? தெனமும் ஊரு ஊரா ஜனம் வந்து தங்குது, துன்னுது, போவுது. ஒரு நாள் யாரனா பசியோட திரும்புனதுண்டா?"

"ஏர்போர்ட்டு?"

"மெட்ராஸ் எதுக்கு கீது?"

"ஆஸ்பத்திரி?"

"நா எதுக்கு கீறேன்?"

"ரப்பர் டிராக் இருக்கணுமாமே?"

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். எங்கள் ஊர் மைதானத்தில் காலையில் டிரைவிங் ஸ்கூல் அம்பாசிடரும் மாலையில் ஆடுகளும்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தன. "'அமைக்கப்படும்'னு போடு" என்றார்.

போட்டேன். உலகத்திலேயே எண்பது வயதுக்காரர்கள் வெறுங்காலோடு மலை ஏறுகிற ஒரே ஊர் எங்களுடையது, ஆகவே எங்களுக்கே தர வேண்டும் என்பது மனுவின் கடைசி வரி. ஏசுவை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாத சிஸ்டர், ஏழுமலையானின் ஊருக்காக வாதாடிய அழகைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு நான் காசு வாங்கவில்லை.

பதில் வந்தது. இந்தியாவில் உள்ள சங்கம் வழியாக வரச்சொல்லி மரியாதையாக எழுதியிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். சிஸ்டர் சங்கத்துக்கு விடாமல் பேக்ஸ் போட்டதில், அதன் நிர்வாகி ஒருவர், குடும்பத்தோடு சாமி கும்பிட வரும்போது பார்ப்பதாக வாய்தவறிச் சொல்லிவிட்டார். சென்னையில் வளர்ந்த மனிதர். ஒரு காலத்தில் நூறு மீட்டர் ஓடியவர். அதற்கப்புறம் காரைவிட்டு இறங்கியதில்லை போலிருந்தது. சிஸ்டர் அவரை அலிபிரியில், மலைப்படி தொடங்குகிற இடத்திலேயே மடக்கினார். துணைக்கு என்னையும் இழுத்துப் போயிருந்தார்.

"சார், கார்ல போனா எங்க ஊரு தெரியாது. ஏறுங்க."

குடும்பத்தைக் காரில் அனுப்பிவிட்டு, பாவம், ஏறினார். முதல் கோபுரம் தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அப்போது எங்கள் பக்கத்துப் பாலசமுத்திரம் கிராமத்துக் கிழவி ஒருத்தி, ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனாள்.

"பாத்தீங்களா சார்? எழுவத்தஞ்சு வயசுப் பிரிவு!" என்றார் சிஸ்டர், நின்ற இடத்தில் நடந்தபடியே.

நிர்வாகி படியில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் நாடி பிடித்துப் பார்த்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "அம்மா, உங்க ஊர்ல வீரர்கள் இருக்காங்க, ஒத்துக்கறேன். மைதானம் இல்லியே. டிராக் இல்லாத ஊருக்கு யாரும் கை தூக்க மாட்டாங்க. நீங்களும் நானும் இருக்கிற வரைக்கும் இது நடக்காதும்மா."

மறுநாள் காலை என் கடைக்கு வந்த சிஸ்டர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பயந்தே போனேன். சோடா வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"நைனா, உன் கடைக்கு வர்றவங்க எல்லாரும் என்ன கேக்கறாங்க? விசா வந்துச்சா, டிக்கெட் போட்டாச்சா. எல்லாம் போறவங்க. எங்கூட ட்ரெய்னிங் எடுத்தவளுங்க ஒருத்தி இங்க இல்ல. எம் புள்ளையும் என்னியும் அங்க வான்னு கூப்புடறான். ஒரு தபா, ஒரே ஒரு தபா, உலகமே பொட்டியத் தூக்கிக்கினு நம்ம ஊரப் பாத்து வந்தா எப்டி இருக்கும்னு பாத்தேன். வேற ஒண்ணுமில்ல."

"கிறிஸ்மஸுக்கு நெறைய பேர் வராங்க சிஸ்டர். போன்ல சொல்லிக்கினு இருந்தாங்க" என்றேன், ஆறுதலுக்கு.

அவ்வளவுதான், ஸ்டூல் காலியாகிவிட்டது. "யாரு யாரு? எந்தெந்த ஊர்லேருந்து?"

கிறிஸ்மஸ் முடிந்த வாரத்தில், சித்தூர் மைதானத்தில் சர்வதேச மூத்தோர் தடகளப் போட்டி நடந்தேவிட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் அம்பாசிடரை நகர்த்திக் கொடுத்தார். ஆடுகளை நகர்த்தத்தான் ஆளில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டோம். அணிவகுப்பில் குவைத், மஸ்கட், சிங்கப்பூர், அமெரிக்கா என்று அட்டை பிடித்து வந்த அத்தனை பேரும் எங்கள் நாலு தெருக்காரர்கள். குவைத் அணி குண்டு எறிந்தது. சிங்கப்பூர் அணி பாதி ஓட்டத்தில் இளநீர் குடிக்கப் போய்விட்டது.

அமெரிக்க அணி என்பது ஜெயசீலன் ஒருவன். முப்பத்தைந்து நிறைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அம்மாவைக் கையோடு அழைத்துப்போக டிக்கெட்டோடு வந்திருந்தான். "எங்கூட நடந்து ஜெயி, வரேன்" என்றுவிட்டார் சிஸ்டர்.

ஜெயசீலன் சிரித்துக்கொண்டே கிளம்பினான். இரண்டாவது சுற்றில் சிரிப்பு போனது. மூன்றாவது சுற்றில் ஓடவே ஆரம்பித்தான். நடுவராக நின்ற ஏட்டய்யா விசில் ஊதி, "முட்டி மடங்குது! அமெரிக்கா அவுட்டு!" என்று சிவப்பு அட்டையைத் தூக்கினார். அவன் அப்படியே புல்லில் மல்லாந்து படுத்தான். சிஸ்டர் மிச்சச் சுற்றுகளை ஒற்றை ஆளாக நடந்து முடித்தார். ஒவ்வொரு முறை அந்த இடத்தைத் தாண்டும்போதும் அவன் எழுந்து உட்கார்ந்து கை தட்டினான். கடைசிச் சுற்றில் அவன் அழுதுகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "அம்மா டிக்கெட்ட கேன்சல் பண்ணணும்ணா" என்றான். "இவங்கள அங்க ஒரு ரூம்ல வெச்சி நான் என்ன பண்ணுவேன்?"

சிஸ்டர் ரிட்டயர் ஆகும்வரை சித்தூரில்தான் நடந்தார். ஆன பிறகு, அந்த உலகப் போட்டி நடந்த ஏதோ ஒரு வெளிநாட்டு ஊருக்குத் தானாகவே பேர் கொடுத்துப் போனார். அங்கிருந்து மகன் வீட்டுக்குப் போனவர், பேத்தி பிறக்கவும் அங்கேயே தங்கிவிட்டார். "கூட்டிக்கினு போறது வேற நைனா, நாமளா போறது வேற" என்று கிளம்பும்போது சொன்னார். போட்டி நடந்த ஊரிலிருந்து ஒரு போன் வந்தது: "டிராக் நல்லாத்தான் கீது. சோறுதான் சரியில்ல. நம்மளுக்கே குடுத்திருக்கலாம்."

பூத்தை மூடி வெகுகாலம் ஆயிற்று. திருப்பதிக்குப் போகிற வழியில் எங்கள் ஊரில் வண்டியை நிறுத்திக் காபி குடிக்கிறவர்கள், "இங்க பாக்க என்னங்க இருக்கு?" என்று சில சமயம் கேட்பார்கள்.

"இப்ப ஒண்ணுமில்லீங்க" என்பேன். "முன்னாடி இருந்தாங்க."