எதிர்காற்றில் கப்பல் பாய்

வட ஆற்காடு ஜில்லாவில் கடல் கிடையாது. துறைமுகமும் கிடையாது. ஆனால் உலகத்து மாலுமிகளையெல்லாம் வரிசையில் நிறுத்தினால், முதல் ஆளாக நிற்க வேண்டியவர் எங்கள் ஆம்பூர்க்காரர்தான். ஊரில் அவரைக் கப்பல் பாய் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

தோல் பதனிடுகிற ஷாப்பில் அவருக்குத் தரம் பிரிக்கிற வேலை. ஆட்டுத்தோலை இரண்டே விரலால் தடவிவிட்டு, "ரெண்டாம் நம்பரு" என்று எறிவார். அதே ஷாப்பின் ஆபீசில் நான் டைப் அடிக்கிற குமாஸ்தா. கப்பல் பாய் கப்பலில் ஏறியவரா என்றால் அதுவும் இல்லை. ஒரு தடவை தோல் கட்டுகளோடு மெட்ராஸ் போனவர், யாரோ ஒரு வெள்ளைக்காரர் சின்னப் பாய்மரப் படகில் தன்னந்தனியாகச் சுற்றுவதைக் கடற்கரையில் நின்று இருட்டும்வரை பார்த்திருக்கிறார். ரயிலைக் கோட்டைவிட்டு மறுநாள் ஊர் வந்து சேர்ந்தவர், நேராகப் போய்ப் பழைய பெட்டிப் பலகைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

படகு ஏழடி நீளம். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவதாக ஒரு சொம்பு வைக்க இடமில்லை. பலகை இடுக்கையெல்லாம் ஷாப்பில் தோலுக்குத் தடவுகிற மீன் எண்ணெயும் கொழுப்பும் கலந்து அடைத்தார். ஒதுக்கிய ஆட்டுத்தோல்களைத் தைத்து, படகின் நடுவில் நட்ட மரத்தில் காற்றுப் பிடிக்கக் கட்டினார். விளைவு, படகு பக்கத்துக் கிராமத்து ஏரியில் போக, ஊர் நாய்கள் அத்தனையும் கரையோடு கூடவே ஓடின. இரண்டு நாய்கள் நீந்தியே வந்துவிட்டன.

மறுவாரம் தோலைக் கழற்றி எறிந்துவிட்டு, வீட்டில் படுக்கிற கோரைப் பாயைக் கட்டினார்.

"பாய்மரம்னுதானே சார் பேரு? தோல்மரம்னா வெச்சிருக்கான்?" என்றார். அன்றைக்கு அவர் வீட்டில் எதில் படுத்தார்கள் என்று தெரியவில்லை.

மழை முடிந்து ஏரி நிரம்பியிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கரையிலிருந்து புறப்படுவார். காற்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத்தான் அடிக்கும். பாய் உப்பும், படகு ஜம்மென்று எதிர்க்கரைக்குப் போய்விடும். போன மனிதர் சாயங்காலம் படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்து வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் படகுக்குக் கால் முளைத்து வருவதுபோலத்தான் இருக்கும்.

"கத்துக்கினு இருக்கறேன் சார். திரும்பி வர்றதுக்கு இன்னா வழின்னு காத்துகிட்டதான் கேட்டுனு இருக்கறேன்."

அதற்குள் வினை வந்தது. படகைக் கண்டு மீன் மிரள்கிறது என்று மீன் பிடிக்கிறவர்கள் மணியக்காரரிடம் முறையிட்டார்கள். அந்தக் கிராமத்துக்கும் ஏரிக்கும் அவர்தான் பெரிய மனிதர். நல்லவர்தான், ஆனால் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

"பாய், நீங்க போறத பாத்தேன். காத்து தள்ளுது, போறீங்க. அதே காத்துல எப்படித் திரும்பி வருவீங்க? வர்ற ஞாயித்துக்கெழமை வந்து காட்டுங்க. துடுப்பு கூடாது, கொம்பு கூடாது. பாயாலயே வந்து கரையேறணும். வந்தா இஷ்டம்போல ஓட்டுங்க. வரலன்னா படகு எங்க வூட்டு அடுப்புக்கு."

அந்த வாரம் முழுக்கக் கப்பல் பாய் தோலைத் தடவியபடியே ஜன்னலுக்கு வெளியே காற்று போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நம்பரை மூன்றாம் நம்பரில் எறிந்தார். சனிக்கிழமை என் மேஜைக்கு வந்தார்.

"சார், நீங்க நாளைக்கு வரணும். படகு லேசா இருக்குது, காத்துல பேஜார் பண்ணுது. ஒரு கல்லு வேணும்."

"நான் எதுக்கு பாய்?"

"நீங்கதான் கல்லு."

எதிர்காற்றில் ஒரு படகு எப்படி வரும் என்று எனக்கும் அந்த வாரமெல்லாம் மண்டை குடைந்துகொண்டிருந்தது. கல்லாகச் சம்மதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கரைக்குப் போனது சுலபம். திரும்பினோம். காற்று முகத்தில் அடித்தது. பாய் சுக்கானைத் திருப்பினார், கயிற்றை இழுத்தார். படகு ஒரு பக்கமாகக் கோணலாக ஓடியது. பிறகு இன்னொரு பக்கமாகக் கோணலாக ஓடியது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கரை கொஞ்சம் கிட்ட வந்தது. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

"இது எப்படி பாய்?"

"மானேஜர்கிட்ட லீவு வேணும்னா நேரா போயா கேப்பீங்க? மொதல்ல அவரு புள்ள படிப்ப பத்திப் பேசுவீங்க. அப்பால இந்தப் பக்கம் வந்து வெயில் ஜாஸ்தின்னு பேசுவீங்க. அப்படியே கிட்ட போயி லீவக் கேப்பீங்க. காத்தும் மானேஜர்தான் சார். நேரா போனா வுடாது!"

கரைக்கு இன்னும் ஐம்பது கஜம்தான். திடீரென்று பெருங்காற்று ஒன்று அடித்தது. படகு சாய்ந்தது. கப்பல் பாய், படகு சாய்ந்த பக்கம் குனிந்து, சிக்கிய கயிற்றை விடுவித்துக்கொண்டிருந்தார். கரையில் கூட்டத்துக்கு முன்னால் நின்ற மணியக்காரர் பதறிப்போய்க் கத்தினார்.

"பாயை எறக்கு! யோவ், பாயை எறக்கு!"

நான் டைப் அடிக்கிறவன். சொன்னதைச் சொன்னபடி செய்வது என் தொழில். பாரம் ஜாஸ்தி என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு கையாலும் கப்பல் பாயைப் பிடித்து ஏரியில் இறக்கிவிட்டேன். அவருக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

கயிறு நழுவியதும் கோரைப் பாய் படபடத்தது, படகு நிமிர்ந்தது. தண்ணீருக்கு மேலே முதலில் குல்லாவும், பிறகு கப்பல் பாயும் வந்தார்கள். திட்டுவார் என்று பார்த்தேன்.

"கயித்தப் புடி சார்! வுட்டுடாதே! கோணலா, கோணலா!"

அவர் பின்னாலேயே நீந்தி வந்து கத்தக் கத்த, நான் இழுத்தேன், திருப்பினேன். என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. படகு கரையில் முட்டியது.

"செல்லாது! பாய் தண்ணில கெடக்கறாரு!" என்று மீன்காரர் ஒருவர் கூச்சல் போட்டார்.

மணியக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கோரைப் பாயைக் காட்டினார். "பாயாலயே வரணும்னு நான் சொன்னது இந்தப் பாயய்யா. இது வந்துடுச்சுல்ல? படகு அவருதுதான்."

சொட்டச் சொட்டக் கரையேறிய கப்பல் பாய் என்னைப் பார்க்காமல் படகைத்தான் முதலில் தடவிப் பார்த்தார், அதே இரண்டு விரலால். "மொதல் நம்பரு" என்றார். அவர் கண்ணிலிருந்து வழிந்தது ஏரித் தண்ணீர் மட்டுமில்லை என்று எனக்குத் தெரிந்தது. தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன்.

"வுடுங்க சார். வர்ற ஞாயித்துக்கெழமை சீக்கிரம் வந்துடுங்க."

"தள்ளிவிட்ட என்னையா பாய் கூப்பிடறீங்க?"

"கல்லு இல்லாம கப்பல் எப்படி ஓடும்?"

ஏரி வற்றும்வரை ஒரு ஞாயிறுகூட நான் தவறவில்லை. அன்றைக்கு அவரைப் படகிலிருந்து இறக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. மனசிலிருந்து மட்டும், இத்தனை வருஷமாகியும், இறக்க முடியவில்லை.