எரியாத புகையிலை

நெருப்பு வைத்தால் நோய் தரும்; வைக்காவிட்டால் நோய் தீர்க்கும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: ஒதாலிஸ் வளர்க்கும் புகையிலை. மனித மரபணு ஒன்றைச் செடிக்குள் வைத்து, இலையில் மருந்துப் புரதம் விளையச் செய்திருந்தாள் அவள். இலையை அரைத்து, சாற்றை வடித்து, பச்சையம், நிகோடின் எல்லாவற்றையும் படிப்படியாக நீக்கினால் நூறு கிலோ இலைக்கு ஒரு சின்னக் குப்பி மிஞ்சும். அதற்காக மாகாண மருத்துவமனையில் லிசெத் என்ற எட்டு வயதுச் சிறுமி காத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றியாக வேண்டும்.

வியாழக்கிழமை, புகையிலை அலுவலகத்துத் தர ஆய்வாளர் எலியுதேரியோ படிவத்தோடு வந்தார். மாகாணத்தில் விளையும் எந்தப் புகையிலையும் தரம் பார்க்கப்படாமல் வேலி தாண்டக் கூடாது என்பது விதி.

"நிறம்?" குப்பியை வெயிலில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இல்ல, தோழரே."

"வாசனை?"

"இல்ல."

"சுருட்டாக்கினா, சாம்பல் எவ்வளவு நேரம் உதிராம நிக்கும்?"

"இது எரியவே எரியாது."

"முப்பது வருஷத்துல இவ்வளவு மட்டமான புகையிலைய நான் பார்த்ததில்ல." 'கழிவு' என்று முத்திரை குத்தினார். "எரிச்சிடுங்க."

"எரியாதுன்னு இப்பத்தானே சொன்னேன்?"

ஆய்வாளர் யோசித்தார். எரியாததை எரிக்கத் தலைநகரம்தான் அனுமதி தர வேண்டும். எட்டு மாதம் ஆகும்.

"நிறமில்ல, மணமில்ல, எரியல. அப்ப இதுல புகையிலையே இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்களேன். உங்களுக்கும் வேலை மிச்சம்."

கடைசி வாக்கியம் அவருக்கு நியாயமாகப் பட்டது. எழுதிக் கொடுத்தார்.

குப்பியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக அனுமதி வாங்க, ஒதாலிஸ் சான்றிதழோடு சுகாதார அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த அதிகாரி அம்மாள் தலைப்பை மட்டும் படித்தாள்.

"புகையிலை அலுவலகக் காகிதமா? அங்கேயிருந்து வர்ற எதுக்கும் எச்சரிக்கைச் சீட்டு கட்டாயம்."

"புகையிலை இல்லன்னுதானே எழுதியிருக்கு?"

"அது கீழ எழுதியிருக்கு. தலைப்பு மேல இருக்கு."

குப்பியில் சீட்டு ஒட்டப்பட்டது: 'புகையிலை உயிரைக் கொல்லும்.' கிழித்தால் குப்பி செல்லாது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் ஊசியை எடுத்தார். லிசெத் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கொல்லுமாமே?"

டாக்டர் சீட்டை விரலால் மறைத்தார்.

"டாக்டர், உங்க சட்டைப் பையில இருக்கிற சிகரெட் பெட்டியிலயும் இதேதானே போட்டிருக்கு?"

டாக்டர் இருமினார். ஒதாலிஸ் தன் கைப்பையின் வாயை மெல்ல மூடினாள்.

"அம்மா பெட்டியிலயும் இருக்கு. இத யாரும் படிக்க வேணாம் போல."

லிசெத் கையை நீட்டினாள்.