நான்கு சக்கரமும் ஒரு காட்டுக் காப்பிச் செடியும்

காப்பியை வாயில் வைக்காமலேயே காப்பிக்காக வேலையை இழக்கத் துணிந்த ஒரே மனிதர் தருமபுரி மாவட்டத்தில் எங்கள் நெடுஞ்சாலைத் துறை ஆபீஸ் ஜீப் டிரைவர்தான். எல்லோருக்கும் அவர் ‘காப்பிக்காரர்’. குடிப்பதென்னவோ டீ.

எப்போதோ ஒரு தாவரவியல் பேராசிரியரை வத்தல்மலைக்கு ஏற்றிப் போனதில் பிடித்துக்கொண்ட பைத்தியம் அது. மலையில் இரண்டு வகைக் காட்டுக் காப்பி உண்டாம். மேலே ஓடையோரம் பெரிய இலைக்காரி, கீழே வறண்ட புதரில் சின்ன இலைக்காரி. சாலை வேலையைப் பார்க்க யார் ஜீப்பில் ஏறினாலும் செல்போனில் இலைப் படத்தைக் காட்டிப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்.

“மேல இருக்கறத அழியற செடிங்க பட்டியல்ல சேத்துட்டாங்க. கீழ இருக்கறது பல ஊருல இருக்குது, அதுக்குக் கவலயில்லன்னு எழுதிட்டாங்க.”

நான் அந்த ஆபீஸில் கிளார்க். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பேன்.

வந்தது வினை. மலைச் சாலையை அகலப்படுத்த, முதல் வளைவிலிருந்த சின்ன இலைச் செடியைப் பிடுங்க வேண்டும் என்றது பிளான். காப்பிக்காரர் குறுக்கே நின்றார். இன்ஜினியர் மேடம் சிரித்துவிட்டார்.

“இதுக்குக் கவலயில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

பாவம், தன் பாடத்திலேயே மாட்டிக்கொண்டார்.

“அது உலகத்துக்குச் சொன்னதுங்க மேடம். இருவது வருசமா இந்த ரோட்ல வண்டி ஓட்டறேன். மலயடிவாரத்துல இது ஒண்ணுதாங்க இருக்குது.”

மறுநாள் பொக்லைன் வந்தபோது, செடிக்கு முன்னால் எங்கள் ஜீப் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரங்களைக் காணோம்.

“பஞ்சருங்க,” என்றார் காப்பிக்காரர்.

“நாலுமா?” என்றார் மேடம்.

“நாலுந்தாங்க.”

சக்கரங்கள் எங்கே என்று கேட்டால் வானத்தைப் பார்த்தார். மூன்று நாள் மேடம் பஸ்ஸில் வந்தார். மூன்றாம் நாள் மெமோ தயாரானது. டைப் அடித்த பாவி நான்.

“குடுங்க, வாங்கிக்கறேன். சக்கரத்த மட்டும் மாட்ட மாட்டேங்க.”

அவர் ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருந்தது. வேலையே போய்விடும் என்று கெஞ்சினேன். மனுஷன் அசையவில்லை. நான்காம் நாள் மேடமே டேப்பைப் பிடித்து அளந்து, சாலையை எதிர்ப்பக்கம் நகர்த்திக் கோடு போட்டார். அன்று மாலையே ஜீப்புக்குச் சக்கரம் முளைத்தது.

மெமோவுக்கு அவர் எழுதிக் கொடுத்த விளக்கம் ஒரே வரி: ‘வண்டி நலம், செடியும் நலம்.’ அது ஃபைலில் ஏறினால் மேலிடம் அவரைச் சும்மா விடாது. மெமோவையும் விளக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே தப்பு அது. அந்த மனுஷனுக்காக இன்னொரு முறையும் செய்வேன்.