ஆறாம் நம்பர் ரூமின் அழகியல்

புகைப்படக் கலையை மனிதகுலம் எதற்காகக் கண்டுபிடித்தது என்ற கேள்விக்கு மேல்நாட்டு அறிஞர்கள் பலவிதமாகப் பதில் சொல்லியிருக்கக்கூடும். சரியான விடை சிவகாசிக்குப் பக்கத்தில், நாரணாபுரம் தாண்டி, எங்கள் பட்டாசு கம்பெனியின் ஆறாம் நம்பர் ரூமில் கிடைத்தது. கிடைத்த நேரத்தில் அந்த ரூமில் அசையாமல் நின்றுகொண்டிருந்தவன் நான். பெயர் லட்சுமிகாந்தம். பதவி, பாதுகாப்பு மேலாளர். கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன். விளம்பரத்தைக் காசு கொடுத்துச் செய்துதான் எங்களுக்குப் பழக்கம்.

எங்கள் கம்பெனியில் பாதுகாப்புக்கு மிக உயர்ந்த இடம் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு ரூமின் வாசல் நிலைக்கும் மேலே, யாருக்கும் கை எட்டாத உயரத்தில், சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் கூடாது. செருப்புடன் நுழையக் கூடாது. செல்போன் கூடாது. இதில் செருப்பு விதியைத் தொழிலாளர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தரையில் வெடிமருந்து சிந்திக் கிடக்கும். செருப்பு உரசினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வாசலில் செருப்புக் கிடப்பது எங்கள் ஊரில் வேப்பமரத்தடியில் பழம் கிடப்பது மாதிரி. யார் கண்ணிலும் படாது.

நாலு பேர் விதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அதாவது, ரிஜிஸ்டரில் நாலு பேரைத்தான் எழுதுவேன். அதற்கு மேல் ரூமில் இருப்பவர்கள் 'சீசன் ஆள்'. தீபாவளி ஆர்டருக்காக வந்து, சீசன் முடிந்ததும் போய்விடுபவர்கள். யோகலட்சுமி அப்படி ஒரு சீசன் ஆள். புஸ்வாணம் என்கிற பூச்சட்டிக்கு மருந்து அடைப்பவள். மகள் பிரீத்திகா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது வந்தாள். மகள் இப்போது விருதுநகரில் காலேஜ் படிக்கிறாள். சீசன் இன்னும் முடியவில்லை.

ரிஜிஸ்டரில் பெயர் இருந்தால் கம்பெனி ஆள். அடிபட்டால் ஆஸ்பத்திரி உண்டு, நஷ்டஈடு உண்டு. பெயர் இல்லையென்றால் ஆளே இல்லை. யோகலட்சுமி என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வைப்பாள்.

"சார், எம் பேரையும் அதுல ஏத்தி விடுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்புள்ள நடுத்தெருவுல நிக்கக் கூடாதுல்ல."

நானும் மறுத்ததே இல்லை. அடுத்த சீசன் என்று சொல்லிவிடுவேன்.

இந்த நிலையில்தான் முதலாளி சபரிநாதன் அண்ணாச்சிக்குக் கலை தாகம் எடுத்தது. பட்டாசு உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரு 'பாதுகாப்புச் சுடர்' விருது கொடுக்கிறார்கள். முந்தைய வருடம் அதை எம். புதுப்பட்டி கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. அதிலிருந்து அண்ணாச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வீட்டில் பேச்சு. விருதுக்கு ரூமின் புகைப்படம் அனுப்ப வேண்டும். அதே படத்தைக் காலண்டராக அடித்து, மாவட்டத்தில் உள்ள அத்தனை ஆபீஸ் சுவரிலும் தொங்கவிட வேண்டும் என்பது அண்ணாச்சியின் கனவு. சிவகாசிக்காரனுக்குக் கனவு வந்தாலும் காலண்டரில்தான் வரும்.

"ரூமுல நாலு பேருதான் தெரியணும். ஆனா வேலை நிக்கப்படாது, வடக்க போற லோடு பாக்கி கெடக்கு. எப்படிச் செய்வியோ எனக்குத் தெரியாதுலே" என்றார்.

அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது சீசன் ஆட்களைக் கருவேலங்காட்டுக்குள் அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். ஆனால் போய் வருவதற்குள் பாதி நாள் வேலை கெட்டுவிடும். நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் யோகலட்சுமி தன் மகளைப் பற்றிச் சொன்னாள். பிரீத்திகா காலேஜில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் வருடம். கேமரா உத்திகளையும் வடிவமைப்புக் கோட்பாடுகளையும் ஒவ்வொன்றாகப் பயிற்சி செய்து படம் எடுத்துக் காட்டினால்தான் மார்க்காம். பஸ் ஸ்டாண்டு, தண்ணீர்த் தொட்டி, எதிர்வீட்டு ஆடு என்று எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு, புதிதாக ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தாள். காலேஜ் கேமரா இலவசம், பிள்ளையும் இலவசம். உடனே வரச் சொன்னேன்.

ஒல்லியான பெண். அதிகம் பேசமாட்டாள். கேட்டால் மட்டும் சொல்வாள். நான் கேட்டேன். கலையில் எனக்கு இயல்பாகவே நாட்டம் உண்டு. சமநிலை, முரண், திரும்பத் திரும்ப வருதல், முக்கியத்துவம் என்று அவள் வரிசையாகச் சொல்லச் சொல்ல, நாங்கள் இவ்வளவு காலமாக நிர்வாகம் என்ற பெயரில் செய்துவந்தது முழுக்க வடிவமைப்புதான் என்று விளங்கியது. 'நெகட்டிவ் ஸ்பேஸ்' என்று ஒன்று. படத்தில் வேண்டுமென்றே காலியாக விட்டுவைக்கும் இடமாம். எங்கள் ரிஜிஸ்டரில் அது ஏராளம்.

அடுத்து என்ன பயிற்சி என்று கேட்டேன்.

"ஸ்லோ ஷட்டர் சார். ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வச்சிருப்போம். அசையாம இருக்கிறது மட்டும் படத்துல விழும். அசையுறது விழாது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல எடுத்துப் பாத்தேன். அம்புட்டுக் கூட்டமும் காணாமப் போச்சு. பெஞ்சுல தூங்குன ஒரு ஆளு மட்டும் இருந்தாரு."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட தத்துவம். ஓடியாடி வேலை செய்பவன் மறைந்துபோவான், சும்மா இருப்பவன் பளிச்சென்று விழுவான். கேமரா கண்டுபிடிப்பதற்கு முன்பே இதை எங்கள் கம்பெனி கண்டுபிடித்து நடைமுறைப்படுத்தி வருகிறது. கேமராவுக்கும் அது தெரியும் என்பதுதான் எனக்குப் புதிது.

திட்டத்தை அவளிடம் விளக்கினேன். ஆறாம் நம்பர் ரூமில் பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். மூன்று பேர் அசையாமல் உட்கார வேண்டும். நான்காவது ஆளாக நான் நிற்பேன். பாதுகாப்பு மேலாளர் இல்லாத பாதுகாப்புப் படம் பொட்டில்லாத நெற்றி மாதிரி. மீதிப் பேர் அடைத்த பூச்சட்டிகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்து காயப்போடும் களத்துக்கும் களத்திலிருந்து உள்ளேயும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். வேலையும் நடக்கும், ஆளும் தெரியாது.

"எங்கம்மா சார்?"

"உங்கம்மா நடக்கட்டும். ஒரு நிமிசம் நிக்க மாட்டா, அவளுக்குத் தோதான வேலை."

பிரீத்திகா கழுத்தில் தொங்கிய கேமராவின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். பக்கத்தில் இருந்த யோகலட்சுமிதான் பேசினாள்.

"நடந்துட்டுப் போறேன் சார். படம் நல்லா வந்தா எம் பேரை ஏத்திருவீகளா?"

"கட்டாயம் ஏத்திர்றேன்" என்றேன். கலையின் முன்னால் பொய் சொல்லக் கூடாது என்பதால், எந்த வருடம் என்று சொல்லவில்லை.

படம் எடுக்கும் நாளில் பாதுகாப்பு விதிகளை நான் கடுமையாக அமல்படுத்தினேன். பிளாஷ் கூடாது. கேமராவில் பேட்டரி இருப்பதால் ரூமுக்குள் வரக் கூடாது. எதிரே வேப்பமரத்தடியில் நின்று வாசல் வழியாகத்தான் எடுக்க வேண்டும். அவள் மறுபேச்சில்லாமல் மரத்தடியில் மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றினாள். வெளிச்சத்தைக் குறைக்கக் கேமராவின் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டினாள். பிறகு ஸ்டாண்டைத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட்டு, என்னைக் கூப்பிட்டாள்.

"சார், வாசல்ல கெடக்கிற செருப்பு அங்கனயே இருக்கட்டும். முன்னாடி ஒரு லீடிங் லைன் வேணும். பாக்கிறவங்க கண்ணு அதைப் பிடிச்சே உள்ள நிக்கிற உங்ககிட்ட வந்து சேரும்."

உள்ளே நிற்கிற என்னிடம் வந்து சேரும் என்றதும் எனக்கு அந்தக் கோட்பாட்டின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. கலைக்காக நானே முன்வந்தேன். ஒரு குச்சியை எடுத்து, கையால் தொடாமல், ஜோடி ஜோடியாக வாசலை நோக்கி வரிசைப்படுத்தினேன். 'திரும்பத் திரும்ப வருதல்' என்ற கோட்பாட்டுக்கு அதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. பிறகு உள்ளே போய், இடுப்பில் கை வைத்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றிப் பெண்கள் தட்டுகளோடு போனார்கள், வந்தார்கள். யோகலட்சுமி என் முழங்கையை உரசிக்கொண்டு எத்தனையோ தடவை போனாள். நான் அசையவில்லை.

படத்தைப் பார்த்து அண்ணாச்சி அன்றைக்கு இரண்டு தடவை சாப்பிட்டார். விசாலமான ரூம். துடைத்துவிட்ட மாதிரி காலி இடம். மூன்று பெண்கள், நடுநாயகமாக நான். நடந்தவர்களில் ஒருத்தியின் நிழல்கூட விழவில்லை. விருது எங்களுக்கே வந்தது. மார்கழியில் காலண்டரும் வந்தது. அண்ணாச்சி ஒரு ஆபீஸ் விடாமல் கொடுத்தனுப்பினார். பிரீத்திகாவுக்குக் காலேஜில் நல்ல மார்க் என்று கேள்விப்பட்டேன். யோகலட்சுமி பெயரைப் பற்றி ஞாபகப்படுத்தினாள். அடுத்த சீசன் என்றேன்.

பங்குனி வெயிலில் ஆறாம் நம்பர் ரூமில் ஒரு 'சிறு வெப்ப நிகழ்வு' ஏற்பட்டது. மற்றவர்கள் இதைத் தீ விபத்து என்பார்கள். மருந்து அடைக்கும்போது உரசிப் பற்றியது. தெய்வாதீனமாக எல்லோரும் வாசல் வழியாக வெளியே ஓடிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த இருளம்மாளை வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்த யோகலட்சுமிக்கு மட்டும் வலது கை, விரலிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. பெண்களே வேனில் தூக்கிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கம்பெனி உடனடியாக அறிக்கை கொடுத்தது. எழுதியவன் நான். சம்பவத்தின்போது ரூமில் ரிஜிஸ்டர்படி நான்கு பேர் இருந்தனர், நால்வரும் நலம், எனவே காயம்பட்டவர் என்று யாரும் இல்லை. படித்துப் பார்த்தபோது எனக்கே நிம்மதியாக இருந்தது.

ஆனால் யோகலட்சுமி நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுத்துவிட்டாள். விசாரணை அதிகாரி பர்வீன் மேடம் எங்களைக் கூப்பிட்டார். நான் கவலைப்படவில்லை. எங்கள் தரப்புச் சாட்சி எனக்கு முன்பே அங்கே போய், மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தை, மாசி கிழித்தாகிவிட்டது; படம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

எதிரே யோகலட்சுமி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரீத்திகா.

நான் எழுந்து காலண்டரைச் சுட்டிக்காட்டினேன். இதுதான் ஆறாம் நம்பர் ரூம், நாலே பேர், இந்த அம்மா இதில் இருக்கிறாரா என்று மேடமே பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"தினமும் இப்படித்தான் இருக்குமா?" என்று மேடம் கேட்டார்.

"தினமும் இதேதான் மேடம். ஒரு மாற்றமும் கிடையாது."

"அப்படியே எழுதிக்கலாமா?"

"தாராளமா."

எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் காலண்டரை வெகுநேரம் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

"உள்ள நாலு பேர். வாசல்ல பதினோரு ஜோடி செருப்பு. மத்தவங்க எங்கே சார்?"

"அது வெறும் டிசைன் மேடம். அழகுக்காக வெளியில இருந்து கொண்டுவந்து வச்சது" என்றேன். பாதுகாப்புத் துறையில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு இதுகூட வராதா?

பிரீத்திகா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"லென்ஸ் துவாரத்த எஃப் இருபத்திரண்டுக்குச் சுருக்கி வச்சு எடுத்தேன் மேடம். செருப்புல இருந்து பின்சுவர் வரைக்கும் எல்லாமே தெளிவா விழுந்திருக்கும். மூணாவது ஜோடியப் பாருங்க. வாரு அறுந்து, சரவெடி பின்னுற நூலால கட்டியிருக்கும்."

மேடம் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து யோகலட்சுமியின் காலைப் பார்த்தார். அதே செருப்பு. அதே நூல், கொஞ்சம் அழுக்கேறியிருந்தது. வாங்குகிற கூலிக்கு அவள் அதற்குள் வேறு செருப்பு வாங்கியிருப்பாள் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

"நான் அங்கனதான் நடந்துக்கிட்டு இருந்தேன் மேடம். இந்தச் சாருதான் நிக்காம நடக்கச் சொன்னாரு" என்றாள் யோகலட்சுமி.

மேடம் இன்னும் காலண்டரை விடவில்லை. "உள்ள இருக்கிற மூணு பொம்பளைங்களும் வெறுங்கால். நடுவுல நிக்கிறவர் மட்டும் ஷூ போட்டிருக்காரு. சட்டைப் பையில செல்போன். இது யாரு?"

"நான்தான் மேடம்" என்றேன். "பாதுகாப்பு மேலாளர்." படத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டதற்காக ஒரு கணம் மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

"தீப்பிடிச்ச அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"கம்பெனி கேட்டுப் பக்கத்துல மேடம்."

"இவங்க கை எரியிறப்ப என்ன செஞ்சீங்க?"

இப்படிப்பட்ட கேள்விக்கு எந்த விதிமுறையிலும் பதில் இல்லை.  எனக்காகப் பிரீத்திகா பதில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போலத்தான் சொன்னாள்.

"சார் அசையவே மாட்டாரு மேடம். அதான் படத்துல அவரு மட்டும் இம்புட்டுத் தெளிவா விழுந்திருக்காரு."

ஒரு கலைஞரின் வாயால் நான் பெற்ற முதல் பாராட்டு அது. என் முன்னிலையில் மேடம் அதை, 'தினமும் இதேதான்' என்று நான் சொன்னதற்குக் கீழேயே ஒரு எழுத்து மாறாமல் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடமே நீட்டினார்.