ஒயிலார் வீட்டு வரிசை

மன்னார்த் தீவில் படித்துப் பெரிய மனிதரானவர்கள் உண்டு. படகு வாங்கிப் பெரிய மனிதரானவர்கள் உண்டு. வெளிநாட்டுக் காசில் மாடி கட்டிப் பெரிய மனிதரானவர்களும் உண்டு. தன் காரின் எஞ்சின் ஒயிலைத் தானே மாற்றிப் பெரிய மனிதரானவர் எங்கள் ஒழுங்கை ஒயிலார் மட்டும்தான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை. ஊர் அதிகாரியை விதானையார், படகு முதலாளியைச் சம்மாட்டியார் என்பதுபோல அவருக்கும் ஒரு ‘ஆர்’ போட்டு ஊர் உயர்த்தி வைத்துவிட்டது. அவர் வேலை செய்யும் அதே கந்தோரில், அதே தரத்தில், பக்கத்துக் கதிரையில் இருக்கும் எனக்கு எந்த ‘ஆர்’உம் கிடைக்கவில்லை. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

ஒயில் மாற்றுவதில் அப்படி என்ன பெருமை என்று கேட்பீர்கள். பழைய ஒயிலை மற்ற ஊர்களில் என்ன செய்வார்களோ, எங்கள் ஒழுங்கையில் அது மருந்து. வேலிக் கட்டையின் அடியில் பூசினால் கறையான் ஏறாது. உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் கேற்றுப் பிணைச்சலுக்குப் பூசலாம், மீன் ஏற்றும் லொறியின் அடிப்பக்கத்துக்கும் பூசலாம். ஆகவே ஒயிலார் ஒயில் மாற்றும் நாளில் ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீடுகளும் தகரப் பேணியுடன் அவர் கேற்றடியில் நிற்கும். வரிசையில் வந்து நிற்கும் மன்னார்த் தெருக் கழுதைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது பெரிய வரிசைதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஒயிலாரின் அறிவிப்பு வரும். “வாற சனி வடிக்கிறன்.” அவ்வளவுதான். திருமண அறிவித்தலைவிட அதைச் சனம் கவனமாகக் கேட்கும்.

சனிக்கிழமை காலையில் முதல் வேலை காரைச் சூடாக்குவது. “குளிரிலை வடிச்சா ஊத்தை அடியிலையே நிண்டிடும் காணும்” என்பார். நானென்றால் எஞ்சினை வீட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருப்பேன். அவர் தீவைத் தாண்டி முருங்கன் வரைக்கும் ஓடிச் சூடாக்குவார். அந்தச் சூட்டில் அவரோடு ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் போவார்கள், நெல் மூட்டை எடுக்கிறவர்கள் எடுப்பார்கள், பெண் பார்க்கப் போன ஒருவர் பெண்ணையும் பார்த்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்ததும் முற்றத்து மணலில் பதித்த இரண்டு பனங்கட்டைகள்மேல் காரை ஏற்றுவார். பாயை விரித்துக் கீழே போவார். ஒயில் வடியத் தொடங்கியதும் இரண்டு விரலால் தொட்டு, தேய்த்து, மணந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

“இவருக்குக் கொஞ்சம் களைப்பு. மேடுகளிலை மூச்சு வாங்குறார்.”

அந்த இருபது வருடப் பழைய வெள்ளைக் கார் அவருக்கு ‘இவர்’. நான் ‘நீர்’, ‘காணும்’. அதுவும் எரிச்சல்தான். ஆனால் என்னைச் சுட்டது அதுவல்ல. வரிசையின் முதலாவது பேணியோடு நிற்பது எப்போதும் என் மனைவி ஜெசிந்தா.

“அந்த அண்ணையைப் பாருங்கோ, தன்ரை காரைத் தானே பாக்கிறார்” என்பாள். “நீங்கள் கார் திருத்துற கராச்சிலை குந்தியிருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வாறியள்.”

“அவரின்ரை கார் ஓட்டைக் கார். எங்கடை கார் ஓட்டோ கியர், தானாவே மாறும்.”

“ஓம். ஆனா பேணியோட ஆரும் எங்கடை கேற்றுக்கு வரேல்லையே.”

உண்மை. ஒருவரும் வரவில்லை. மின்கட்டணக்காரரைத் தவிர என் கேற்றை யாரும் திறப்பதில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வரிசை, அதன் முதலாவதாக என் வீட்டுப் பேணியோடு என் மனைவி. வாழ்க்கையில் வேறொன்றும் வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஒயிலார் வாய் திறக்குமுன் நான் திறந்தேன். “வாற சனி நான் வடிக்கிறன்.”

ஒயிலார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லது காணும்” என்றார். அந்த நல்லதிலும் ஏதோ குத்தல் இருப்பதாக வழிநெடுக ஜெசிந்தாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை வந்தது. முற்றத்தில் காரை நிறுத்தி, கார் தூக்கும் ஜக்கை வைத்து உயர்த்தத் தொடங்கினேன். கைபிடியைச் சுற்றச் சுற்றக் கார் எழும்பவில்லை, ஜக் இறங்கியது. மன்னார் மணலில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஜக் முழுவதும் மணலுக்குள் போய், கைபிடி மட்டும் வெளியே தெரிந்தது.

நான் தடுக்குமுன் ஜெசிந்தா பக்கத்தில் ஒயிலார் வீட்டு வேலிக்கு மேலால் கூப்பிட்டுவிட்டாள். “அண்ணை, உங்கடை பனங்கட்டையளை ஒருக்காத் தாறியளோ?”

ஒயிலார் கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்து பதித்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அந்தச் சந்தோஷத்தையும் தரவில்லை.

காரை ஏற்றினேன். கீழே போனேன். ஒரு நட் தெரிந்தது. கழற்றினேன். ஒயில் சட்டிக்குள் வடிந்தது. அதற்குள் கேற்றடியில் சம்மாட்டியாரும் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரும் இன்னும் பத்துப்பேரும் பேணியோடு நின்றார்கள். முதலாவதாக ஜெசிந்தா. கார் அடியில் கிடந்தபடியே அவள் பாதங்களைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் நான் ஒயிலாரைவிட உயர்ந்த மனிதன்.

“இதென்னப்பா, நன்னாரி சர்பத் மாதிரிச் சிவப்பாக் கிடக்கு?” என்று கிட்ட வந்து சட்டிக்குள் பார்த்தாள் அவள்.

“புதுக் கார். ஒயில் அப்பிடித்தான் சுத்தமா இருக்கும். அவரின்ரை மாதிரித் தார் இல்லை.”

சம்மாட்டியார் விரலை விட்டுப் பார்த்தார். “கட்டைக்குப் பூசினா நிறம் பிடிக்காதே தம்பி.”

“கறையானுக்கு நிறமோ முக்கியம்?” என்று கேட்டேன். எனக்கே பிடித்த பதில்.

நட்டைப் பூட்டினேன். எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து புது ஒயிலை முழுவதும் ஊற்றினேன். ஏறி இருந்து, கியரை மாற்றினேன். கார் கட்டையிலிருந்து அழகாகப் பின்னால் இறங்கியது. சரிவில் தானாக உருண்டதை நான் ஓட்டியதாக நினைத்துக்கொண்டேன். பிறகு முன்னால் எடுத்தேன். எஞ்சின் முழங்கியது. கார் அசையவில்லை. இன்னும் மிதித்தேன். வெள்ளைப் புகை எழும்பிக் காக்காவின் தொப்பியை மறைத்தது. கார் பிள்ளையார்போல் இருந்த இடத்தில் இருந்தது.

அப்போதுதான் வரிசையின் கடைசியில் ஒயிலாரைக் கண்டேன். அவரும் பேணியோடு நின்றார். எல்லாரையும்போல, முறைக்காகக் காத்து நின்றார்.

முன்னால் வந்தார். சிவப்பு ஒயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வடித்தது எஞ்சின் ஒயில் இல்லை, கியர் ஒயில் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. பழைய ஒயில் உள்ளே இருக்க அதன்மேல் புது ஒயிலையும் ஊற்றியிருக்கிறேன் என்பதும் விளங்கிவிட்டது. அவர் வாயைத் திறந்தார். என் மானம் அந்த வாய்க்குள் இருந்தது.

“கியர் ஒயிலையும் சேர்த்தெல்லோ மாத்துறார்!” என்று வரிசைக்குக் கேட்கச் சொன்னார். “எனக்கு இண்டுவரைக்கும் இதிலை கை வைக்கத் துணிவு வந்ததில்லை. எஞ்சின் ஒயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு. எல்லாரும் பின்னேரம் வாங்கோ.”

சனம் மரியாதையோடு கலைந்தது. சம்மாட்டியார் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வை கல்யாணத்தன்று பார்த்தது.

கேற்று மூடியதும் ஒயிலார் குரலைத் தாழ்த்தினார். “ஸ்டார்ட்டை நிப்பாட்டும் காணும், பாவம் இவர். நான் மன்னார் ரவுணுக்குப் போய் இவருக்கு ஏற்ற ஒயிலை வாங்கியாறன். நீர் ஒண்டிலையும் கை வையாதையும்.”

என் காரையும் அவர் ‘இவர்’ என்றதை அன்றுதான் கேட்டேன். பின்னேரம் கறுப்பு ஒயிலை அவர் வடித்தார், நான் பங்கிட்டேன். வரிசை என் கேற்றடியில் நின்றது. எனக்குக் கிடைக்க வேண்டியதெல்லாம் கிடைத்தது. அப்படியிருந்தும் இரவு படுக்கையில் பொறாமை குறையவில்லை, கூடியது. ஒயில் மாற்றுவதைப் பழகிக்கொள்ளலாம். வாயைத் திறந்துவிட்டு அப்படியொரு வார்த்தை சொல்ல எங்கே போய்ப் பழகுவது?

போன மாதம் செய்தி வந்தது. கனடாவில் இருக்கும் மகள் ஒயிலாரைத் தன்னோடு வந்திருக்கச் சொல்லிவிட்டாள். விசாவுக்குக் கொடுத்திருக்கிறார்.

“இனியென்ன, வரிசை முழுக்க எங்கடை கேற்றுக்குத்தான்” என்று ஜெசிந்தா சொன்னாள். “உங்களுக்குச் சந்தோஷம்தானே?”

ஞாயிறு பூசைக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய், அந்த விசா கிடைக்கக் கூடாது என்று மாதாவுக்கு ஒரு பெரிய மெழுகுதிரி கொளுத்தினேன். சத்தியமாக, இந்த முறை பொறாமையில் இல்லை.