மூன்றாம் மாடியின் சமாதானத் தூதர்

சண்டை போடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். சண்டையை வேடிக்கை பார்க்கிறவர்களையும் தெரியும். அநேகமாக நாமே அந்தக் கூட்டத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றிருப்போம். இவர்களால் பெரிய சேதம் கிடையாது. போட்டவன் களைத்துப் போவான், பார்த்தவன் பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவான். மூன்றாவதாக ஒருவர் வருவார். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு, "விடுங்க விடுங்க, நான் பேசறேன்" என்று வருவார். அவரைக் கண்டால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவிடுங்கள். அவர்தான் சமாதானத் தூதர்.

தூதர் இல்லாத இடம் உண்டா? வங்கியில் உண்டு, பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் உண்டு, அடையாற்றில் எனக்குத் தெரிந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு பேர் உண்டு. அந்த இரண்டு பேருக்குள் சமாதானம் பேசுவதற்கென்று மூன்றாவது ஒருவர் உண்டு. நம்முடையவர் தி.நகரில் ஓர் ஆறு மாடி ஜவுளிக்கடையில், மூன்றாம் மாடிப் பட்டுப்புடவைப் பிரிவின் மேற்பார்வையாளர். பெயர் ராஜரத்தினம். வயது ஐம்பத்திரண்டு, மயிலாப்பூரில் வீடு, தங்கமான மனிதர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய மனைவி சுந்தரவல்லியும் அவள் தங்கையும் நாலு வருஷமாக ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காமல் இருப்பதற்குக் காரணம், ராஜரத்தினம் நல்லெண்ணத்தோடு பேசிய ஒரே ஒரு சமாதானம்தான்.

போன வருஷம் கடை முதலாளி பொன்ராஜ் அண்ணாச்சி இவரைக் கிண்டியில் ஓர் ஓட்டலில் நடந்த ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். கூட வேலை பார்ப்பவர்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் நடுவில் உட்கார்ந்து தீர்த்துவைப்பது எப்படி என்று பயிற்சி. நல்ல பயிற்சி, அதைக் குறை சொல்லக் கூடாது. நடத்திய அம்மாள் மூன்றே மூன்று விஷயம் சொன்னார். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடுங்கள். யார் பக்கமும் சாயாதீர்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை என்றால் மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். முதல் விஷயத்தைச் சொல்லும்போது ராஜரத்தினம் பக்கத்து நாற்காலிக்காரருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவதைச் சொல்லும்போது போண்டா வந்தது. மூன்றாவதில், அதுவும் கடைசி இரண்டு சொற்களை மட்டும், கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

எடுத்துச் சொல்லுங்கள். அவ்வளவுதான், மனிதருக்கு விமோசனம் கிடைத்துவிட்டது. அதுவரை ஆர்வத்தால் செய்துகொண்டிருந்ததை இனிச் சான்றிதழோடு செய்யலாம். சான்றிதழை லேமினேட் செய்து, மூன்றாம் மாடியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கும் சின்ன அறையில் மாட்டினார். அதன் கீழே மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல்கள். ஆனால் மூன்றிலும் ஒரே சமயத்தில் ஆள் உட்கார்ந்ததில்லை. ராஜரத்தினத்தின் முறை வேறு. சண்டைக்காரர்களில் ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே லிப்ட் பக்கத்தில். தூதர் இங்கும் அங்கும் நடப்பார். நடக்கும் வழியில் பேச்சு வளரும்.

எப்படி வளரும் என்று கேட்கிறீர்களா? பாஞ்சாலி, ஐரின் விவகாரத்தைச் சொல்கிறேன்.

இரண்டு பேரும் புடவை காட்டுகிறவர்கள். பாஞ்சாலிக்கு நொச்சிக்குப்பம், விடிகாலையில் அம்மாவோடு ரோட்டோரம் உட்கார்ந்து மீன் நறுக்கிக் கொடுத்துவிட்டு, எட்டரைக்குத் தலைக்குக் குளித்து, பத்து மணிக்குப் பூ வைத்துக்கொண்டு கடையில் நிற்பாள். ஐரினுக்குச் சாந்தோம், படுக்கையில் இருக்கும் அப்பா பவுல்சாமியைத் துடைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டு அவளும் அதே பத்து மணிக்கு வந்துவிடுவாள். ஒன்பது வருஷமாக ஒரே பஸ். ஒருத்திக்கு இடம் கிடைத்தால் பாதி இடம் இன்னொருத்திக்கு.

ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. பாஞ்சாலி எழுபது புடவை விரித்தாள். "சாப்பிட்டுட்டு வந்து எடுக்கறோம்" என்று அவர்கள் போனார்கள். பாஞ்சாலியும் சாப்பிடப் போனாள். விரித்தவர்தான் மடிக்க வேண்டும் என்பது அந்த மாடியின் சட்டம். எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் சட்டம். அன்றைக்கு ஐரின் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு, எழுபதையும் தானே மடித்து அடுக்கிவைத்தாள். பாஞ்சாலி எப்போதும் பார்டர் அளவு பார்த்து அடுக்குவாள். கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டால் கேட்ட புடவை வரும். ஐரின் சமீபம் வரை குழந்தைகள் துணிப் பிரிவில் இருந்தவள். அவளுக்குத் தெரிந்தது நிறம் பார்த்து அடுக்குவது. கோஷ்டி திரும்பி வந்து, "அந்த மாம்பழக் கலர், மயில் பார்டர்" என்றது. பாஞ்சாலி கையை விட்டாள், பச்சை வந்தது. மறுபடி விட்டாள், ஊதா வந்தது. பெண்ணின் அத்தை உதட்டைப் பிதுக்கினாள். கோஷ்டி எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

"கேட்டுட்டு அடுக்கக் கூடாதா?" என்று பாஞ்சாலி அன்று ஒரே ஒரு வார்த்தை சத்தமாகக் கேட்டாள். ஐரின் அடுத்த கஸ்டமர் பக்கம் திரும்பிக்கொண்டாள். விட்டிருந்தால், சாயங்காலம் பஸ்ஸில் அரை இடத்துக்காக ஒட்டி உட்கார வேண்டிவந்ததுமே முடிந்திருக்கும். விடுவாரா ராஜரத்தினம்?

ஐரினை அறைக்குள் உட்காரவைத்தார். பாஞ்சாலி லிப்ட் பக்கத்தில்.

"ஐரின், பாஞ்சாலி உங்களைத் திமிர் புடிச்சவங்கன்னு சொல்லல. அப்படி நீங்க நினைச்சுடக் கூடாது. கேக்காம கை வைக்கற பழக்கம் உங்களுக்கு இருக்குன்னு ஒரு சின்ன வருத்தம், அவ்ளோதான்."

அதுவரை அப்படி நினைக்காத ஐரினுக்குச் சுருக்கென்றது. "கேக்காம கை வைக்கறேனா? நான் என்ன சார் திருடியா?"

தூதர் வெளியே நடந்தார். "பாரும்மா பாஞ்சாலி, நீ அவங்களைத் திருடின்னு சொல்லிட்டதா ஐரின் நினைக்கறாங்க."

"நான் எப்போ சார் சொன்னேன்?"

"சொல்லல. அதைத்தான் நானும் சொல்றேன். ஆனா அவங்க மனசுல அப்படிப் படுதுன்னா, உன் பேச்சுல ஏதோ ஒண்ணு இருந்திருக்கணும் இல்லியா? நான் யார் பக்கமும் இல்லம்மா."

"இன்னா சார் இது, வம்பா கீது! கஸ்டமர் போனது எனக்கு. திருடின்னு பேரு வேறயா?"

அடுத்த வாரம் இரண்டாம் அமர்வு. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. ஒவ்வொரு நடையிலும் ராஜரத்தினம் ஒரு சொல்லைக்கூடப் பொய்யாகச் சொன்னதில்லை. யார் எதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் மற்றவரிடம் விவரமாகச் சொன்னார். சொல்லாததற்கு எல்லை ஏது? மூன்றாவது அமர்வு முடிந்தபோது ஐரின் பாஞ்சாலியின் மீன் வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பதும், பாஞ்சாலி பவுல்சாமியின் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பதும் மாடி முழுவதற்கும் தெரிந்திருந்தது. காஞ்சிபுரம் அலமாரிப் பக்கம் பாஞ்சாலி கட்சி, மென்பட்டுப் பக்கம் ஐரின் கட்சி. டீக்குக்கூடத் தனித்தனியாகப் போனார்கள். பஸ்ஸில் ஒருத்தி முன் வாசலில் ஏறினால் இன்னொருத்தி பின் வாசலில் ஏறினாள். ராஜரத்தினமோ இளைத்துப் போனார், ஆனால் முகத்தில் ஒரு களை. "ரொம்பச் சிக்கலான கேஸ்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

விஷயம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி காதுக்குப் போனது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பேச்சில் சுற்றிவளைப்பது கிடையாது.

"ராஜரத்தினம், வெள்ளிக்கெழம மத்தியானத்துக்குள்ள முடியணும். இல்லன்னா ரெண்டுல ஒரு பிள்ளைய வேளச்சேரிக் கடைக்கு மாத்திருதேன். யாருன்னு நீங்களே எழுதிக் குடுங்க."

வேளச்சேரிக் கடை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. ஒன்பதுக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் பாஞ்சாலியால் அம்மாவோடு மீன் நறுக்க முடியாது. ஐரினால் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்க முடியாது. யார் பெயரை எழுதினாலும் அந்தப் பெண் வேலையை விட வேண்டியதுதான். ராஜரத்தினத்துக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். யார் பெயரையும் எழுத அவருக்குக் கை வரவில்லை. போதாததற்குக் கடைவாய்ப் பல் வேறு விண்விண்ணென்று தெறித்தது.

வெள்ளிக்கிழமை காலை பல் தாங்க முடியாமல் போய், லஸ் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் பல்லைப் பிடுங்கி, உருண்டையாகப் பஞ்சை அடைத்து, "கடிச்சுக்குங்க. ரெண்டு மணி நேரம் வாயே திறக்கக் கூடாது. பேசினா ரத்தம் நிக்காது" என்றார். ராஜரத்தினம் ஏதோ விளக்கம் கேட்க வாயெடுத்தார். டாக்டர் இன்னொரு பஞ்சையும் அடைத்தார்.

கடைக்கு வந்தபோது மணி பதினொன்று. மத்தியானத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. உள்ளேயும் வெளியேயும் நடந்து சொல்வதற்கு வாய் இல்லை. வேறு வழி தெரியாமல் இருவரையும் கையசைத்து ஒரே அறைக்குள் கூப்பிட்டார். மூன்று ஸ்டூல்களிலும் மூன்று பேர் உட்கார்ந்தது அன்றுதான்.

இருவரும் தூதரின் வாயைப் பார்த்தார்கள். தூதர் வீங்கிய கன்னத்தோடு சான்றிதழைப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குதா சார்?" என்றாள் ஐரின்.

அவர் தலையாட்டினார்.

"பல்லு புடுங்குனா அப்டிதான் இருக்கும். சாயங்காலம் சரியாப்பூடும்" என்றாள் பாஞ்சாலி, சுவரைப் பார்த்து.

ஐரின் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். பிறகு மெதுவாக, "உன் விரல் ஆறிடுச்சா?" என்று கேட்டாள்.

"எந்த விரலு?"

"அன்னிக்கு வீங்கியிருந்துச்சே. கெளுத்தி முள்ளு குத்தி, யாருகிட்டயும் சொல்லாம வந்தியே. புடவைய விரிக்கும்போதே பல்லைக் கடிச்சுக்கினு இருந்த."

பாஞ்சாலி முதல் தடவையாகத் திரும்பினாள். "அது உனக்கு எப்டித் தெரியும்?"

"ஒன்பது வருஷமா பஸ்ஸுல பக்கத்துல உக்கார்றேன், தெரியாதா? அந்தக் கையோட எழுபது புடவைய எப்படி மடிப்ப? அதான் நான் மடிச்சேன்."

இந்த இடத்தில் ராஜரத்தினத்தின் உடம்பே நிமிர்ந்தது. அவருடைய தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வருமா? 'ஐரின் என்ன சொல்ல வர்றாங்கன்னா' என்ற வாக்கியம் தொண்டை வரை வந்து பஞ்சில் முட்டி நின்றது. "ம்ம்ம், ம்ம்ஹூம்" என்று கையை ஆட்டினார்.

"சார், கம்னு இருங்க சார்" என்றாள் பாஞ்சாலி. பிறகு ஐரினிடம், "சாப்டாமயா மடிச்ச?" என்றாள்.

"ஆமா."

"சொல்றதுக்கு இன்னா உனக்கு? வாயில கொழுக்கட்டையா?"

"நீ கத்தின. நான் எதுக்குச் சொல்லணும்?"

"கஸ்டமர் பூட்டாங்கன்னு கத்தினேன். கோவம் வராதா பின்ன? அதுக்குன்னு மூணு வாரம் மூஞ்சியத் திருப்பிக்குவியா?"

"நீதான் எங்கப்பாவைப் பத்தி..."

"உங்கப்பாவப் பத்தி நான் இன்னா சொன்னேன்?"

ஐரின் யோசித்தாள். யோசிக்க யோசிக்க, பாஞ்சாலி எதையும் சொல்லித் தான் காதால் கேட்டதில்லை என்பது அவளுக்கே உறைத்தது. பாஞ்சாலிக்கும் அதே நேரத்தில் அதே கணக்கு முடிந்தது. இருவரும் சேர்ந்து ராஜரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் பஞ்சை இன்னும் இறுக்கமாகக் கடித்துக்கொண்டார்.

பதினொன்று இருபதுக்கு இருவரும் எழுந்து போனார்கள். இனி மடிக்கிறவர் பார்டர் பார்த்து அடுக்குவது, விரித்தவர் கத்துவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடுவது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். மூன்று வாரம் இழுத்தது பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ராஜரத்தினம் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் நின்றது. பல் வலி என்று நீங்கள் நினைப்பீர்கள். பாதி சந்தோஷம், எந்தப் பெயரையும் எழுத வேண்டியதில்லை என்று. மீதிப் பாதியை நான் சொல்ல மாட்டேன். கையிலிருந்த ஒரு நல்ல சண்டை தானாகவே நடந்து வெளியே போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

மத்தியானம் அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒத்த வார்த்த பேசாம முடிச்சிட்டீயளாமே! அந்தப் பிள்ளைகளே வந்து சொல்லிச்சு. சார் வாயத் தொறக்கவே இல்ல, அதனாலதான் சரியாச்சுன்னுச்சு. பெரிய ஆளுதான்யா நீங்க."

ராஜரத்தினம் பஞ்சோடு அடக்கமாகத் தலைகுனிந்தார்.

"வேளச்சேரிக் கடையில பதினாறு பேரு. ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்க மாட்டேங்கான். திங்கக்கெழமலேருந்து நீங்க அங்க போயிருங்க."

இரண்டு பெண்களில் ஒருத்தியின் வேலையையே பறித்திருக்கக்கூடிய அந்த உத்தரவு இவர் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? பதினாறு பேர். மனிதர் மனதுக்குள்ளேயே ஜோடி போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். திங்கட்கிழமை காலை சான்றிதழைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறினார். பஞ்சு இல்லை. வாய் நன்றாக ஆறியிருந்தது.

தி.நகர் மூன்றாம் மாடி இப்போது அமைதியாக இருக்கிறது. வேளச்சேரியில் லிப்ட் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நின்றுகொண்டிருப்பதாகக் கேள்வி.

அது போகட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனதில் ஒரு பெயர் வந்துவிட்டது, இல்லையா? நம் ஆபீஸில் அச்சு அசலாக இப்படி ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு இதை அனுப்பினால் என்ன என்று கைபேசியைக்கூட எடுத்துவிட்டீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்புகிற கையோடு, 'இது உங்களைப் பத்தி இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க' என்று கீழே ஒரு வரி சேர்க்க விரல் துறுதுறுக்கிறதா? அப்படியானால் நான் தேடிக்கொண்டிருந்த ஆள் நீங்கள்தான்.